மெருகில்லாத ஒரு படம்

"தழும்பு எந்தப் புருவத்துலம்மா? வலதா, இடதா?"

சப்-இன்ஸ்பெக்டர் முபாரக் பேனாவைத் தாளில் ஊன்றியபடி நிமிர்ந்து பார்த்தார்.

"வலதுங்க" என்றாள் துளசிமணி.

"இடதுங்க" என்றார் அவள் கணவர் சென்னியப்பன்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் விழுந்தன. முபாரக் எதையும் எழுதவில்லை.

"ஏனுங்க, தையல் போட்டப்ப மடியில வெச்சுப் புடிச்சிருந்தது நானு. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சரியாச் சொல்லோணுமல்ல?"

மிருதுளா வீட்டை விட்டுப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. இருபத்துமூன்று வயது. ஒரே பெண். நாலு வயதில் பள்ளிக்கூட ஊஞ்சலில் இருந்து விழுந்து கண்ணோரம் மூன்று தையல். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அடித்த மருந்து வாடை துளசிமணிக்கு நினைவிருந்தது. குழந்தை தன் முந்தானையைக் கடித்துக் கிழித்தது நினைவிருந்தது. அந்த நர்ஸம்மா போட்டிருந்த பச்சை வளையல்கூட நினைவிருந்தது. எந்தப் பக்கம் என்பது மட்டும் இல்லை.

"சரி விடுங்க. போட்டோ இருக்குல்ல?"

துளசிமணியின் போனில் மகளின் படம் பதினோராயிரம் இருந்தது. முபாரக் நாலைந்தைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். பால் நிறம், வில் மாதிரி புருவம், சின்ன மூக்கு. ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை.

"எல்லாம் மெருகு போட்டதா?"

"இப்பத்திப் போன்ல மெருகில்லாம எடுக்க முடியுங்களா?"

"முடியாது. அதுதாம்மா எங்களுக்குத் தலைவலி. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், டோல்கேட்டு, எல்லா இடத்துலயும் எங்க கேமரா இருக்கு. அது மூஞ்சிய உள்ளது உள்ளபடி பாக்கும். நீங்க தர்ற படத்தோட வெச்சு ஒத்துப் பாக்கும். படத்துல இருக்கறதே உங்க பொண்ணு இல்லேன்னா, அது யாரைன்னு தேடும்?"

"அவ கூட்டாளிங்க போன்ல இருக்கும். காலேஜ் கார்டு இருக்குதுங்க" என்றார் சென்னியப்பன்.

"குடும்பக் கணக்குல ஒருதரம் சரின்னு அமுக்கிட்டீங்கன்னா, அந்தப் பொண்ணை யார் எடுத்தாலும் அந்த மூஞ்சிதான் சார் வரும். கார்டுலயும் அதேதான் ஒட்டியிருப்பாங்க. யாரு அமுக்கினது?"

துளசிமணி போனைப் பைக்குள் போட்டாள். முபாரக் மேஜையில் இருந்த கடிதத்தை மறுபடி எடுத்தார். நோட்டில் இருந்து கிழித்த தாள். இரண்டே வரி.

'படத்தில் இருப்பவளைத் தேடிக்கொள்ளுங்கள். கிடைத்தால் அவளே உங்கள் பெண்ணாக இருக்கட்டும்.'

"என்னம்மா நடந்துச்சு வீட்ல?"

*

துளசிமணியைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை தவறாமல் மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள். மாதுளையை உரித்து, முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தவள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் தானும் சாப்பிடாதவள். அந்த அன்பு குறையவே இல்லை. குறையாத அன்புடன்தான் அதைச் செய்தாள்.

மிருதுளாவுக்கு ஒன்பது வயது. நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. சீர்த்தட்டைப் பார்த்துக் குனிந்திருந்த குழந்தையைத் துளசிமணி படம் எடுத்தாள். போன் பணிவாகக் கேட்டது: இந்தத் தழும்பை எடுத்துவிடட்டுமா? சரி. நிறத்தைச் சற்றுக் கூட்டட்டுமா? சரி. இனி எப்போதும் இப்படியேவா? சரி. பழைய படங்களையும்? அதற்கும் சரி. நாலு தடவை விரலை வைத்து எடுத்தாள். பந்தியில் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

அன்றிலிருந்து படத்தில் ஒரு மிருதுளாவும் வீட்டில் ஒரு மிருதுளாவும் வளர்ந்தார்கள். படத்தில் இருந்தவளை எல்லாரும் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். மஞ்சள் நீராட்டுக்குச் சுந்தராபுரம் முக்கில் வைத்த பிளெக்ஸைப் பார்த்து, "யாருடி இது, உங்க அக்காவா?" என்று கூடப் படித்தவர்கள் கேட்டார்களாம். அதை வீட்டில் வந்து சொன்னபோது மிருதுளா சிரித்தாள். துளசிமணியும் சிரித்தாள். மகள் சிரித்தது எப்படி என்று அவள் கவனிக்கவில்லை.

பெண் பார்க்க வந்த நாள்தான் எல்லாவற்றையும் உடைத்தது. தாராபுரம் பக்கத்துக் குடும்பம். படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் வந்தவர்கள். மிருதுளா காப்பி கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கி, ஒரு மடக்குக் குடித்துவிட்டு, நல்ல மனசோடுதான் கேட்டாள்:

"பொண்ணு எங்கீங்க? வரச்சொல்லுங்க."

 துளசிமணிதான் முதலில் வாயைத் திறந்தாள். அவசரமாக, சிரித்துக்கொண்டே:

"இவதானுங்க! வெயில்ல கேமராவத் தூக்கிட்டுச் சுத்திக் கருத்துப் போயிட்டா. படத்துல இருக்கறதுதானுங்க நெச நெறம்."

மிருதுளா காலித் தட்டோடு நின்றிருந்தாள். அம்மாவைத்தான் பார்த்தாள், மாப்பிள்ளை வீட்டாரை அல்ல. மறுநாள் காலை அவள் அறையில் போன் மட்டும் இருந்தது. பழைய கேமராவையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

*

ஒன்பதாம் நாள் முபாரக் கூப்பிட்டார். "ஈரோடு ஜங்ஷன். நூத்துக்குத் தொண்ணூத்து நாலு ஒத்துப்போகுதுன்னு காட்டுது. உடனே கிளம்புங்க."

வழியெல்லாம் துளசிமணி முருகா முருகா என்றே வந்தாள். ரயில்வே போலீஸ் அறையில் பெஞ்சின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பால் நிறம். வில் புருவம். சின்ன மூக்கு. பதினாலு வருடமாகப் போனில் பார்த்த அதே முகம், உயிரோடு, சுடிதாரோடு.

துளசிமணி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நான் நர்ஸிங் படிக்கறேன். லீவுக்கு ஊருக்குப் போறேன். இவங்க புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த ஒரு நொடியில் தன் மனசு என்ன செய்தது என்பதைத் துளசிமணி பிறகு யாரிடமும் சொல்லவில்லை. 'இவளா இருந்தா நல்லாருக்குமே' என்று அது நினைத்தது.

துளசிமணி தன் போனைக் காட்டினாள். அந்தப் பெண் பார்த்துவிட்டு வாய்விட்டே சொன்னாள்: "அட, நிஜமா நானேதான்! ஆனா என் போட்டோவுல நான் இப்படி இருக்க மாட்டேன் ஆன்ட்டி. எங்கம்மா கன்னத்தை ஒட்ட வெச்சு, கண்ணப் பெருசாக்கி வெச்சிருக்காங்க. இந்த மூஞ்சி அவங்களுக்குப் புடிக்கல."

திரும்பி வரும்போது பெருந்துறைக்குப் பக்கத்தில் சென்னியப்பன் காரை ஓரம் கட்டினார். ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே முன்னால் பார்த்துச் சொன்னார்:

"நீ கேட்ட புள்ள கெடைச்சுது துளசி. பாத்துட்டு வந்துட்டோம். இனி என்ற புள்ளைய எங்க போய்த் தேடறது?"

*

மகளின் அலமாரியைக் கவிழ்த்துத் தேடியபோது பழைய ஸ்டிக்கர் பொட்டு டப்பாவுக்குள் ஒரு மெமரி கார்டு கிடைத்தது. போனில் போட இடமில்லாத, அந்தக் காலத்து அளவு. மிருதுளா ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டோ வகுப்புக்குப் போவாள் என்று துளசிமணிக்குத் தெரியும். எங்கே, யாரிடம் என்று கேட்டதில்லை. விசாரித்துப் போனாள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டெய்லர் கடைக்கு மேல் மாடி.

ஜெரினுக்கு முப்பது வயது இருக்கும். நாகர்கோவில்காரி, குட்டை முடி. மேஜை மேல் கறுப்புக் கறுப்பாகக் கனத்த கேமராக்கள், எல்லாம் இருபது வருடத்துக்கு முந்தியவை.

"இதெல்லாம் மெருகு வர்றதுக்கு முன்னாடி வந்தது ஆன்ட்டி. இதுக்கு உங்க விருப்பம் என்னன்னு தெரியாது. அதனால பொய் சொல்லவும் தெரியாது."

"இதுல அவளை எடுத்த படம் ஒண்ணு குடும்மா. ஒண்ணே ஒண்ணு போதும்."

ஜெரினின் முகம் வாடிவிட்டது. "மிருது யாருக்கும் நிக்க மாட்டா ஆன்ட்டி. நாம கேமராவத் தூக்குனா அவளும் தூக்கிடுவா. என்கிட்ட இருக்கற ஒரே படத்துல முதுகும் பின்னலும்தான் இருக்கு."

கார்டில் ஆயிரத்து நூற்று நாற்பது படங்கள். இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். சுவர், கை, கால், நாய், சைக்கிள், துணிக் கொடி. ஒன்றில்கூட மிருதுளா இல்லை. துளசிமணி மேஜை மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இதுல அவ மூஞ்சி இல்ல. ஆனா அவ கண்ணு இருக்கு."

"எனக்கு வெறுஞ் செவுருதாம்மா தெரியுது."

"உங்க கையெழுத்து மாதிரிதான் இதுவும். எங்க நிக்கணும், எதை உள்ள எடுக்கணும், எதை வெளிய விடணும், எப்போ அமுக்கணும்... ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி. படிக்கத் தெரிஞ்சா, ஆயிரம் படத்துக்கு நடுவுல பேரே இல்லாம வெச்சாலும் இது மிருது எடுத்ததுன்னு சொல்லிடலாம். மூஞ்சிய மாத்தலாம் ஆன்ட்டி. கண்ணை மாத்த முடியாது."

"கத்துக்க எத்தனை நாளாகும்?"

"எனக்கு ஆறு வருஷம் ஆச்சு."

"போலீஸ்காரரு முப்பது நாள்தான் தேடுவேன்னாரு. பத்து நாள் போயிருச்சு கண்ணு."

ஜெரின் ஒரு கேமராவை எடுத்துத் துளசிமணியின் கழுத்தில் மாட்டினாள்.

*

முதல் நாள் பாடம் துளை. கேமராவுக்குள் ஒரு துளை, கண்ணின் பாப்பா மாதிரி. அகலமாகத் திறந்தால் முன்னால் இருப்பது மட்டும் துலங்கும், பின்னால் உள்ளதெல்லாம் கரையும். சுருக்கினால் எல்லாமே தெரியும். இரண்டாம் நாள் கேமராவின் கதவு, ஷட்டர். சட்டென்று மூடினால் சொட்டுகிற தண்ணீர்கூட அந்தரத்தில் நிற்கும், மெல்ல மூடினால் அசைகிற கை புகையாகும். மூன்றாம் நாள் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, இருட்டடித்த முகத்தின் மேல் வெயிலைத் திருப்பிவிடக் கற்றுக்கொடுத்தாள் ஜெரின். துளசிமணி பி.காம். படித்தவள். இதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. புரியாதது அதற்கு அப்புறம் வந்தது.

"வீட்ல ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கோங்க. அதையே எடுங்க. தினம் நூறு படம்."

புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்து எடுத்தாள். ஜெரின் பார்த்துவிட்டு, "கல்யாண வீட்ல குரூப் போட்டோ எடுத்த மாதிரி இருக்கு. ஏன் எல்லாத்துலயும் நட்ட நடுவுல நிக்குது?" என்றாள். ஓரத்தில் வைத்து எடுத்தாள். கீழே உட்கார்ந்து எடுத்தாள். சன்னல் வெளிச்சத்தில், அடுப்பு வெளிச்சத்தில். ஐந்து நாள், ஐந்நூறு படம்.

"ஆன்ட்டி, டம்ளர் எப்படி இருக்கணும்னு நீங்க நினைக்கறதைத்தான் எடுக்கறீங்க. டம்ளரை எடுக்கல."

"இதுக்கு மேல டம்ளர்ல என்னம்மா இருக்குது?" என்று வெடித்தாள் துளசிமணி. "எம்புள்ள தின்னாளா தூங்கினாளான்னு தெரியாம நான் டம்ளரப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்!"

ஜெரின் டம்ளரை எடுத்து மெல்லச் சுற்றினாள். பின்பக்கம், விளிம்புக்குக் கீழே, ஒரு நசுங்கல்.

துளசிமணி அதைப் பார்த்தாள். விருந்தாளிக்குக் கொடுக்கும்போது நசுங்கின பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டுவது அவள் கைக்கு முப்பது வருடப் பழக்கம். பரணில் அடுக்கும்போதும் நசுங்கினது சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். ஐந்நூறு படத்திலும் அந்தக் கை, அவளைக் கேட்காமலேயே, டம்ளரைத் திருப்பி வைத்திருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து கார்டில் இருந்த படங்களை முதலில் இருந்து மறுபடி பார்த்தாள். இப்போது அவை சுவராகத் தெரியவில்லை. காரை பெயர்ந்த சுவர். தேமல் படர்ந்த கழுத்து. விரல் போன கை. காது கிழிந்த நாய். தையல் பிரிந்த செருப்பு. போன் எதையெல்லாம் 'எடுத்துவிடட்டுமா' என்று கேட்குமோ, அதையெல்லாம் மகள் ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் பத்திரப்படுத்தியிருந்தாள். எப்போதும் தரையோடு உட்கார்ந்து எடுப்பாள். எடுக்கிற பொருளை வலது ஓரத்துக்குத் தள்ளுவாள். இடப்பக்கத்தைக் காலியாக விடுவாள், யாரோ வந்து நிற்க வேண்டிய இடம் மாதிரி.

துளசிமணி வாயில் முந்தானையை வைத்து அமுக்கிக்கொண்டு அழுதாள்.

சென்னியப்பன் வாசலில் நின்று பார்த்தார். இத்தனை நாளாகப் பொறுத்தது அன்று பிய்த்துக்கொண்டது. "புள்ளையக் காணோம். இவ டம்ளரப் படம் புடிக்கறா!" டம்ளரை எடுத்துச் சுவரில் வீசினார். அது உருண்டு அவள் காலடியிலேயே வந்து நின்றது, புதிதாக ஒரு நசுங்கலோடு.

துளசிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்தாள். அந்தப் புது நசுங்கலில் சன்னல் வெளிச்சம் விழுகிற மாதிரி நகர்ந்து, ஒரு படம் எடுத்தாள். ஒன்றே ஒன்று. பிறகு அதைக் கணவனிடம் காட்டினாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். அவருடைய கோபம் அதில் அப்படியே இருந்தது. தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய மனுஷன் என்பதை மறந்து விசும்பினார்.

*

முப்பதாம் நாள் முபாரக் கோப்பை மூடிவிட்டார். "வயசு வந்த பொண்ணும்மா. தானா எழுதி வெச்சுட்டுப் போயிருக்கு. இதுக்கு மேல என்னால..." அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். முடிக்காமல் எழுந்து போனார்.

ஜெரின்தான் கடைசி வழியைச் சொன்னாள். பழைய கேமராக்காரர்கள் தங்கள் படங்களைப் போடுகிற ஓர் இணையத் தளம், 'உள்ளபடி' என்று பெயர். எடுத்தவர் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. படம் மட்டும். ஒரு நாளைக்கு மூவாயிரம், நாலாயிரம் வரும்.

"மிருது படம் எடுக்காம இருக்க மாட்டா. எடுத்தா அங்கதான் போடுவா."

துளசிமணி தினமும் காலை டிபன் முடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். கண் எரிய எரியப் பார்ப்பாள். இது இல்லை, இது இல்லை, இது ஆண்பிள்ளை எடுத்தது, இது பயந்து எடுத்தது, இது அவசரம். எப்படித் தெரிகிறது என்று அவளுக்கே தெரியாது. தை போய், மாசி போய், பங்குனி பிறந்தது. ஒன்றும் இல்லாத நாட்களில் மனசு வேண்டாததையெல்லாம் நினைத்தது. கிணறு, தண்டவாளம், தூக்க மாத்திரை. அப்போதெல்லாம் அந்த டம்ளரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

அப்படிப் பார்க்கத் தொடங்கிய நாற்பத்தேழாவது நாள், நாலாயிரத்தில் ஒன்றாக, அந்தப் படம் வந்தது.

ஒரு பெண்ணின் குதிகால். பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு. வலது ஓரத்தில். தரையோடு உட்கார்ந்து எடுத்தது. இடப்பக்கம் முழுக்க வெறும் உப்புப் பாத்தி, வானம், காத்திருக்கிற காலி.

"ஏனுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் சென்னியப்பன் சவரம் செய்த பாதி முகத்தோடு ஓடி வந்தார். படத்தின் மூலையில் ஒரு சாக்கு மூட்டை. அதில் பாதி அழிந்த எழுத்து. வேதாரண்...

*

வேதாரண்யத்து உப்பளத்தில் வரப்பு வரப்பாக மூன்று நாள் நடந்தார்கள். காட்ட ஒரு படம் இல்லாமல் மகளைத் தேடுவது எப்படி என்று அப்போதுதான் தெரிந்தது. கறுத்த பொண்ணு, கழுத்துல பெரிய கேமரா. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் கையை நிறுத்தினாள்.

"கேமராப் பொண்ணா? என் காலப் போட்டா புடிச்சுச்சே! இந்தக் காலையும் ஒருத்தி புடிக்கிறாளேன்னு சிரிச்சேன். மாசக்கணக்கா இங்கதான் சுத்துச்சு. முந்தாநாத்து கெளம்புறேன்னு சொல்லிட்டுப் போயிடுச்சேம்மா."

சென்னியப்பன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

துளசிமணி உட்காரவில்லை. அவளிடம் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பையில் இருந்து டம்ளரை எடுத்தாள். நசுங்கலை முன்னால் திருப்பி உப்பின் மேல், வலது ஓரத்தில் வைத்தாள். முழங்காலிட்டுக் குனிந்து, இடப்பக்கத்தைக் காலியாக விட்டு எடுத்தாள். விடுதிக்குப் போய் அதை 'உள்ளபடி'யில் போட்டாள். கீழே எழுத இடமில்லை. மகளுக்குப் படிக்கத் தெரியும். அந்த டம்ளரில் பால் குடித்து வளர்ந்தவள்.

மறுநாள் காலையும், அதற்கடுத்த நாள் காலையும் அதே பாத்தியில் போய் எடுத்தாள். இரண்டாம் நாள் மதியம் தளத்தில் ஒரு படம் வந்திருந்தது.

"பாவம், யாரோ வயசான அம்மா" என்றாள் துளசிமணி. "உப்பளத்துக்காரங்களாட்ட இருக்குது."

நரைத்த பின்னல். கன்னம் இரண்டிலும் மங்கு. கண்ணுக்குக் கீழே பை. நனைந்த புடவைக்குள் முழங்கால் குத்திக் குனிந்திருந்தாள். வலது ஓரத்தில்.

சென்னியப்பன் படத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"துளசி, அது நீதாம்புள்ள."

அவள் திரும்பப் பார்த்தாள். கையில் கேமரா. உப்பின் மேல் டம்ளர். மகளுக்கு 'சரி' என்று அமுக்கிய அன்றே தனக்கும் அமுக்கியிருந்தது நினைவு வந்தது. பதினாலு வருடம். கூடத்தில் அந்தத் தாராபுரத்து அம்மா கேட்டதைத்தான் இப்போது தன்னைப் பார்த்துத் தானே கேட்டிருக்கிறாள்.

பிறகுதான் இடப்பக்கத்தைப் பார்த்தாள். எப்போதும் காலியாக விடுகிற இடம் அன்று காலியாக இல்லை. உப்பின் மேல் நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. பின்னல் போட்ட, கேமரா பிடித்த நிழல்.

ஜெரினைக் கூப்பிட்டாள். "தெரியாம விழுந்திருக்குமா கண்ணு?"

"மிருதுவா? சான்ஸே இல்ல ஆன்ட்டி. ஓரத்துல ஒரு கல்லு வந்தாக்கூட அழிச்சுட்டு மறுபடி எடுப்பா. அந்த நிழலை அவ வெச்சிருக்கா."

*

மறுநாள் காலை ஏழு மணி. சூரியன் இன்னும் தாழ்வாகவே இருந்தது. சென்னியப்பனை வரப்பிலேயே நிறுத்தினாள். "நீங்க இங்கியே நில்லுங்க. ரெண்டு பேரும் போனா போயிருவா." அதே பாத்தியில், அதே இடத்தில், சூரியனுக்கு முதுகு காட்டி முழங்கால் குத்தி உட்கார்ந்தாள். கேமராவைத் தூக்கினாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உப்பின் மேல், அவள் நிழலுக்கு இடப்பக்கம், இன்னொரு நிழல் மெல்ல நீண்டு வந்து நின்றது.

துளசிமணி திரும்பவில்லை. படம் எடுக்கிறவர் முடிக்கும்வரை எடுக்கப்படுகிறவர் அசையக் கூடாது. அது அவளுக்கு இப்போது தெரியும். ஆனால் வாய் தானாகப் பேசியது.

"போலீஸ்ல கேட்டாங்க மிருது. தழும்பு எந்தப் பக்கம்னு. நான் வலதுன்னேன். அப்பா இடதுன்னாரு. சண்டை போட்டுக்கிட்டோம். எனக்குத் தெரியல சாமி. நெசமாத் தெரியல."

 பிறகு பின்னால் கேமராவின் கதவு ஒருமுறை திறந்து மூடுகிற ஓசை.

"திரும்புங்கம்மா."

திரும்பினாள். எதிர்வெயிலில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாக ஓர் உருவம்தான். கண் பழகும்வரை காத்திருந்தாள். சுற்றிலும் கிடந்த உப்பு, ஜெரினின் வெள்ளை அட்டை மாதிரி, வெளிச்சத்தைக் கீழிருந்து வாங்கி அந்த முகத்தின் மேல் விட்டது. கறுத்த, மெலிந்த முகம். வலது கண்ணில் கேமரா. அதை அவள் மெல்லக் கீழே இறக்கினாள். குறி பார்க்க மூடிய இடது கண்ணைத் திறக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

தழும்பு வலது புருவத்தில் இல்லை. இடது புருவத்திலும் இல்லை. மூடியிருந்த அந்த இமையின் மேல், மூன்று தையல் தடத்தோடு, வெள்ளையாக இருந்தது.